மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

(அறக்கட்டளையின் மாதாந்திர நலக்கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எடையைக் குறைப்பது பற்றிப் பேசச் சொல்லி நிர்வாகிகள் கேட்டார்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நான் போய்விடலாம். அந்தப் பட்டியல் உங்களுக்கே மனப்பாடம். தினமும் கைப்பேசியில் பத்துப் பேர் அனுப்புகிறார்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களில் "நடந்தால் நல்லது என்று எனக்குத் தெரியாது" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தெரியுது டாக்டர், மனசுதான் வரமாட்டேங்குது." அந்த வராத மனசைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், இந்த வயதில் உடம்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பதுக்குப் பிறகு, வேலை கொடுக்காத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நாம் சாப்பிடும் சர்க்கரையை எரிக்கும் அடுப்பு அந்தத் தசைதான். அடுப்பு சிறிதாகிவிட்டது, உலையில் போடும் அரிசி மட்டும் இருபத்தைந்து வயதில் போட்ட அதே அளவு. மிஞ்சுவது வயிற்றில் போய்ச் சேர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். நம் நாட்டு உடல்வாகில் வயிற்றுக் கொழுப்பு சீக்கிரமே சர்க்கரை நோயாக மாறுவதால், நமக்கென்று தனி எல்லை வைத்திருக்கிறார்கள். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தையல்கார டேப்பில் பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம், முப்பத்தொன்றரை அங்குலம். பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள். அது தொந்திக்குக் கீழே போடுவது. கைலி கட்டுகிறவர்களுக்கு அந்த அளவும் தெரியாது. வயிறு ஆறு அங்குலம் வளர்ந்தாலும் கைலி காட்டிக்கொடுக்காது.

சரி, மனசுக்கு வருவோம். நடுவயதில் ஒருவர் எடையைக் குறைக்கக் கிளம்பினால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. மற்றொன்று, யாரோ நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார்கள். இரண்டுமே ஆறு வாரத்துக்கு மேல் தாங்குவதை நான் பார்த்ததில்லை. நிக்காஹ் முடிந்த மறுநாள் நடையும் முடிந்துவிடும். கேலிக்காகத் தொடங்கியவர்களின் நிலை அதைவிட மோசம். வெளியே நடக்கவே கூச்சப்படுவார்கள். "என்ன லாத்தா, ஒரு சுத்து பெருத்திட்டீங்க" என்று விருந்து வீட்டில் கேட்கிறோமே, அந்தக் கேள்வி இதுவரை யாரையாவது ஒரு கிலோ குறைய வைத்திருக்கிறதா?

நம்மிடம் இதற்கு ஓர் அழகான முன்மாதிரி இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்து, அபூதாவூதில் பதிவாகியிருக்கும் செய்தி. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களும் அன்னையும் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அன்னை முந்தினார்கள். பிறகு காலம் கடந்து, அன்னைக்குச் சற்று உடம்பு போட்டிருந்த சமயத்தில் மறுபடி ஓடினார்கள். இந்த முறை நபியவர்கள் முந்தினார்கள். அதற்கு இது சரியாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். உடம்பு போட்டதை அன்னை மறைக்கவில்லை. நபியவர்கள் அதைக் குத்திக் காட்டவும் இல்லை, வா ஓடுவோம் என்று அழைத்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இது மதீனா வாழ்க்கையில் நடந்தது. அதாவது நபியவர்களுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேர் ஐம்பது வயதில், மனைவியோடு ஓடுவதை விடுங்கள், தெருமுனை வரை சேர்ந்து நடந்திருக்கிறோம்?

அப்படியானால் எந்தக் காரணம் தாங்கும்? என் அனுபவத்தில், செய்ய ஆசைப்படும் ஒரு காரியம் கண்ணுக்கு முன்னால் இருந்தால் தாங்கும். நம் பள்ளிவாசலில் பின்வரிசையைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் இரண்டு நாற்காலி கிடந்தது. இன்று ஒரு வரிசையே நாற்காலி. இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. யாருக்கு எப்போது கூடும் என்பதை உலமாக்கள் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அதில் உட்காருகிறவர்களில் சிலருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்ய முடியவில்லையே என்ற வருத்தத்தை அவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான். உடலில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலில் ஏறும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு ஓர் எட்டுக்கு இருபது கிலோ மிச்சம். தராசில் ஐந்து கிலோ அற்பமாகத் தெரியலாம். முழங்காலைக் கேளுங்கள், அது சொல்லும்.

குவைத்தில் 24 வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒரு காக்கா என்னிடம் வந்தார். 52 வயது, 94 கிலோ, சர்க்கரையும் உண்டு. சஃபர் போய்த் திரும்பிய நம் ஆண்களில் பலருடைய கதை இது. இருபது வருடம் உட்கார்ந்தபடி வேலை, நேரங்கெட்ட சாப்பாடு. ஊருக்கு வந்த பிறகு வேலையும் இல்லை. எடையைக் குறையுங்கள் என்று நான் சொன்னபோது அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அடுத்த வருடம் மனைவியோடு உம்ரா போக வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். "ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு முறை என்றால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் காக்கா. அதற்கு முன்னால் தவாஃப் ஏழு சுற்று. இந்தக் காலோடு சக்கர நாற்காலிதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் காலில் போகணும் டாக்டர், என்ன செய்யணும் சொல்லுங்க" என்றார். முதல் வாரம் பத்து நிமிடம்தான் நடந்தார். மூன்றாம் மாதம் நாற்பது நிமிடம். பத்து மாதத்தில் 88 கிலோவுக்கு வந்தார். ஆறு கிலோதான். ஸஃயை முடித்துவிட்டு அங்கிருந்தே எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். பேச்சைவிட மூச்சு வாங்கியதுதான் அதிகம் கேட்டது.

காரணம் கிடைத்தாலும் தினமும் மனசு வராது. இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. ஸுபுஹு தொழுகைக்கு மனசு வந்தால் எழுந்திருப்போம் என்று நாம் இருக்கிறோமா? பாங்கு சொன்னால் எழுகிறோம். பல நாள் எழுந்து, உளூச் செய்து, நின்ற பிறகுதான் மனசு வந்து சேர்கிறது. உடற்பயிற்சியும் அப்படித்தான். காலை முன்னால் வைத்தால்தான் மனசு பின்னால் வரும். ஆகவே தனி நேரம் தேடாதீர்கள். ஒரு வக்த்தோடு கட்டிவிடுங்கள். ஆண்களுக்கு ஸுபுஹுக்குப் பின் மிக வசதி. எப்படியும் எழுந்தாகிவிட்டது, செருப்பும் மாட்டியாகிவிட்டது. இப்போது அந்த நேரத்தில் கால்கள் எங்கே போகின்றன என்பது நமக்குத் தெரியும். டீக்கடையின் முதல் வடை நம்மவர்களுக்குத்தான்.

தினமும் 10,000 எட்டு நடந்தால்தான் பலன் என்று பயமுறுத்துவார்கள். அந்த எண் 1960களில் ஜப்பானில் எட்டு எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் சற்று வேகமான நடை. அதாவது ஐந்து நாள், அரைமணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுக் கொடுக்கும் பயிற்சி வேண்டும். ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள், பத்து முறை. தொடைத் தசைக்கு வலு ஏற ஏற முழங்கால் வலி இறங்கும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற ஹதீஸின் கருத்தை நாம் தொழுகைக்கும் திக்ருக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தராசையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு விட்டுப்போகும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-ல் வெளிவந்த ஆய்வு இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் உணவையும் நடையையும் மட்டும் ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். நோய் வருவது கால்பங்குக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. முள் நகரவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை வலீமா மேடையில் கேட்டு ஆமீன் சொல்லிவிட்டு, நேராக சஹனில் போய் உட்காருகிறோம். சஹனில் கூடிச் சாப்பிடுவது பரக்கத்தான காரியம். ஆனால் நாம் எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கு அதில் யாருக்கும் தெரியாது. போதும் என்று கையை எடுத்தால், "என்ன காக்கா, கறி நல்லா இல்லையா?" என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு துண்டை நம் பக்கம் தள்ளுவார். விருந்தாளியை வற்புறுத்துவதை மரியாதை என்று நினைக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் அது மரியாதை இல்லை.

நோன்பு மாதத்தில் எடை கூடுகிற சமுதாயம் நாம். நோன்புக் கஞ்சியில் குறை இல்லை. கூடவே வரும் வடை, சமோசா, சர்பத்தில்தான் இருக்கிறது. நோன்பு இல்லாத நாளில் டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் மாதத்துக்கு 1.2 கிலோ. ரேஷன் பையில் தூக்கிப் பாருங்கள். இந்த ஒன்றை விட்டாலே பெரிய காரியம். முதல் பத்து நாள் டீ கசக்கும். பிறகு நாக்கு பழகிவிடும்.

இனி, நம் பெண்களைப் பற்றி. "வீட்டு வேலை செய்றேனே, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். அந்த வேலையில் உடம்பு களைக்கும். மூச்சு வாங்காது, தசைக்கும் வலுச் சேராது. நடக்கலாம் என்றால் இடம் எங்கே? ஆண்களுக்குக் கடற்கரையும் மைதானமும் இருக்கின்றன. பெண்கள் தெருவில் இறங்கினால் நாலு கேள்வி. காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மாமிக்கு மாத்திரை, வந்தவருக்கு டீ. நடக்கப் போகும் ஆண்கள் வீடு திரும்பிய பிறகு அரைமணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதைச் சொன்னால் முன்வரிசையில் சிலர் கீழே பார்க்கிறீர்கள், பரவாயில்லை. ஒரே வீட்டில் இருக்கும் மூன்று மருமக்கள் மஃரிபுக்குப் பின் மொட்டைமாடியில் நடக்கிறார்கள். நாற்பது அடி மாடி. விரலில் மாட்டும் தஸ்பீஹ் எண்ணியில் சுற்றைக் கணக்கு வைக்கிறார்கள். ஐம்பது முறை போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். மூத்தவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. மற்ற இருவரும் பேச்சுத் துணைக்குத்தான் தொடங்கினார்களாம்.

சில எச்சரிக்கைகள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்டநேரம் நடக்க வேண்டாம். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால், இடது கை கனத்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மணலில்கூட வெறுங்காலில் நடக்கக்கூடாது. கால் மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்தில் பத்து கிலோ என்று கைப்பேசியில் வரும் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றைக் குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அலைகிறவர்கள் உண்டு.

வருகிற சனிக்கிழமை ஸுபுஹு தொழுகை முடிந்ததும் ஆண்கள் பள்ளிவாசல் வாசலிலிருந்து கிளம்புகிறோம். முதல் நாள் இருபது நிமிடம் மட்டும். அறக்கட்டளைப் பள்ளிக்கூட மைதானத்தை மாலை ஐந்திலிருந்து ஆறுவரை பெண்களுக்கென்று ஒதுக்க நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசல் கதவு பூட்டியிருக்கும், காவலுக்கும் ஒரு பெண்மணி இருப்பார். இப்போது வெளியே மேசையில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். டேப்பும் இருக்கிறது, பெண்களுக்குப் பெண் செவிலியர் அளந்து சொல்வார். அளவை ஒரு சீட்டில் எழுதித் தருவோம், மூன்று மாதம் கழித்து அதே சீட்டோடு வாருங்கள். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம், மஃரிப் பாங்கு வரை இங்கேதான் இருப்பேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.