மார்ச் மாதத் தண்ணீர்

நீடித்து வாழும் நகரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நகரங்களைப் பொதுவாகப் பேசாமல் அந்தமானின் போர்ட் பிளேயரை, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள இந்த ஊரை, அதன் தண்ணீரை வைத்துப் பேச விரும்புகிறேன்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல் இரு மடங்குக்கும் மேல். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே இங்கே பொழிகின்றன. ஆனாலும் மார்ச் பிறந்தால் தெருக்குழாயில் மூன்று நாளுக்கு ஒரு முறை, சில ஆண்டுகளில் அதற்கும் மேல் இடைவெளி விட்டுத்தான் தண்ணீர் வரும். தண்ணீர் விடும் நாளில் வீட்டிலுள்ள டிரம், குடம், வாளி எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கு வேலைக்கு விடுப்பு எடுப்பவர்களும் உண்டு, பெரும்பாலும் பெண்கள்.

காரணம் நிலத்தின் அமைப்பு. செங்குத்தான குன்றுகள், குறுகிய ஓடைகள். பெய்த மழை சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. அடியிலுள்ள பாறையும் நீரை அதிகம் பிடித்து வைப்பதில்லை; கிணறு தோண்டினாலும் கோடையில் கைகொடுப்பது அரிது. ஆகவே 1970களில் கட்டிய தனிக்காரி அணையே ஊருக்கு உயிர்நாடி. பிறகு அதன் உயரத்தைக் கூட்டினார்கள். நகரமோ அதைவிட வேகமாக வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே நகர மக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் தீவுகளுக்கு வந்த பயணிகள் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி. அவர்களில் பெரும்பாலோர் மழையில்லாத மாதங்களில் வருகிறார்கள். அணை வற்றும் காலமும் விடுதி அறைகள் நிரம்பும் காலமும் ஒன்றே. விடுதிக்கு டேங்கர் லாரி போகும். மேட்டுத் தெருவில் இருப்பவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் பசுமை நகரம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தண்ணீரை விட்டால் மணல். இங்கே கட்டடத்துக்குக் கடற்கரை மணலைத்தான் அள்ளினார்கள். ஆமை முட்டையிடும் கரைகள் தேய்ந்தன. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், தான் நியமித்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, மணல் அள்ளுவதை ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. மணல் விலை ஏறியதால் வீடு கட்டுபவர்கள் திணறியதும் உண்மை. அடுத்த இரண்டே ஆண்டில் சுனாமி வந்தது. நிலம் தாழ்ந்ததால் ஊருக்கு அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களில் உப்பு நீர் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. நிலமே தாழும் தீவில் கரையையும் நாமே அள்ளிவிடலாகாது.

தண்ணீருக்குத் திரும்பி, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடித் தகரக் கூரையில் ஓர் ஆண்டில் விழும் மழையில் கழிவு போக இரண்டரை லட்சம் லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, நகரங்களுக்கு வகுத்துள்ள அளவான ஆளுக்குத் தினம் 135 லிட்டர் என்று வைத்தால், வறண்ட நான்கு மாதத்துக்கு 81,000 லிட்டர் வேண்டும். மழைக்குக் குறைவில்லை. சேர்த்து வைக்கத்தான் இடமில்லை. மாடியில் இருப்பது 1,000 லிட்டர் சின்டெக்ஸ். இரண்டு நாளில் காலி. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்குத் தினம் 20 லிட்டர் என்றால் 12,000 லிட்டர் போதும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி. ஏழை வீட்டுக்கு அது பெரிய செலவு. சரிவு நிலத்தில் இன்னும் கூடும். அந்தச் செலவை அரசு ஏற்கலாம். கடலடியில் குழாய் போட்டு ரட்லண்ட் தீவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் யோசனையை நெடுநாளாகப் பேசுகிறோம். அது வரட்டும், அதுவரை கூரைத் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டாம்.

இந்தக் கணக்கை இப்போது நான் வலியுறுத்தக் காரணம் கிரேட் நிக்கோபார் தீவு. 2011இல் அங்கே சுமார் 8,000 பேர். கலாத்தியா விரிகுடாவில் துறைமுகமும், விமான நிலையமும், மின் நிலையமும், பல லட்சம் பேர் குடியேறும் நகரமும் அமைக்க 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காகப் போகிறது. அந்தக் காட்டில் ஷோம்பென் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அதே தீவின் தென்முனையான இந்திரா முனை 2004இல் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கே ஆறு உண்டு, காடு உண்டு, ஆகவே தண்ணீர் உண்டு என்கிறார்கள். காட்டை வெட்டிய பின் அந்த ஆற்றில் மார்ச் மாதத்தில் எவ்வளவு ஓடும் என்பதே என் கேள்வி. ஒரு லட்சம் பேருக்கே கோடையில் தினம் தண்ணீர் தர முடியாத நிர்வாகம் அதற்கு மாதவாரியாக, லிட்டர் கணக்கில் பதில் வெளியிட வேண்டும். முதல் மரம் விழுமுன் வெளியிட வேண்டும்.

நகராட்சியிலிருந்து வந்திருப்போரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும், விடுதியானாலும் வீடானாலும், மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவையும் அது எத்தனை நாளுக்குப் போதும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விடுதிகளுக்கு அந்த நாட்கணக்கு 120க்குக் குறைந்தால் அனுமதி தராதீர்கள்.