முட்டை ஓட்டுச் சுண்ணாம்பும் பயோடீசலும்

நாமக்கல் பண்ணைகளிலிருந்து அன்றாடம் கோடிக்கணக்கான முட்டைகள் லாரி ஏறுகின்றன. பேக்கரி, விடுதிச் சமையற்கூடம், ஆம்லெட் கடை, எங்கே போனாலும் ஓடு குப்பைக்குத்தான். அந்த ஓடு, தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்க உதவும்.

எண்ணெயில் மெத்தனாலைச் சேர்த்து 60, 65 டிகிரி சூட்டில் கலக்கினால் மேலே பயோடீசலும் அடியில் கெட்டியாகக் கிளிசரினும் பிரியும். ஆனால் வினையூக்கி இல்லாமல் இது நடக்காது. வழக்கமாகப் போடுவது காஸ்டிக் சோடா. வேலை சுருக்காக முடியும். ஆனால் அது கரைந்துவிடுவதால், தண்ணீர் விட்டு அலசித்தான் நீக்க வேண்டும். அலசிய தண்ணீரும் கழிவாகும்.

காஸ்டிக் சோடாவுக்கு மாற்று வினையூக்கியை முட்டை ஓட்டிலிருந்து எடுக்கலாம். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கழுவி, உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வை உரித்து, உலர்த்திப் பொடித்து, 900 டிகிரி உலையில் சில மணி நேரம் வைத்தால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு 56 கிராம். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது. இந்தப் பொடி பெரும்பாலும் கரையாது. வடிகட்டி மறுபடியும் போடலாம்.

2009-இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில், சோயா எண்ணெயில் 3 சதவீதம் இந்தப் பொடியைச் சேர்த்து, 65 டிகிரியில் 3 மணி நேரம் கலக்கினார்கள். 95 சதவீதத்துக்கு மேல் பயோடீசல் கிடைத்தது. அதே பொடி 13 முறை வேலை செய்தது.

என்னைக் கேட்டால், 95-ஐவிட அந்த 13 தான் பெரிது. முதல் முறை நல்ல பலன் தரும் பொடிகள் ஏராளம். ஆனால் இதிலும் சிக்கல்கள் உண்டு. சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வீரியம் இழக்கும். கொஞ்சம் கால்சியம் எரிபொருளில் கசியவும் செய்யும். ஐரோப்பியத் தரவிதியில் ஒரு கிலோவுக்குக் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இன்னொரு சிக்கல், வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய். அதில் அமிலம் ஏறியிருக்கும். சுண்ணாம்போடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். அமிலத்தை முதலில் குறைத்தாக வேண்டும்.

நம் கல்லூரிகளில் இந்தச் சோதனையில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புட்டியில் வாங்கிய புது எண்ணெயோடு நிறுத்திவிடாதீர்கள். கடைகளில் மிஞ்சும் எண்ணெயிலும் சோதியுங்கள். பத்தாவது முறை கிடைத்த பலனையும், கசிந்த கால்சியத்தின் அளவையும் அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள்.