எண்ணறிவிப்பார்க்கு எண்ணத் தெளிவு வேண்டும்
(பர்லியாரில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைத் தொடர்வண்டி, செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 அடி செல்ல ஓரடி உயர்கிறது. 1899ஆம் ஆண்டு முதல் அது பற்சட்டத்தைப் பற்றிப் பற்றியே ஏறுகின்றது. கணக்கும் அத்தகையதே. ஒன்றாம் வகுப்பில் பற்றத் தவறிய பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் வழுக்கி விழுகின்றது. விழுந்த பிள்ளையை ‘மண்டு’ என்கிறோம். பற்றக் கற்பித்தோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் எண்ணுப்பெயர்களை நோக்குக! ‘பதினொன்று’ என்னும் போதே பத்தும் ஒன்றும் வெளிப்படையாய் நிற்கின்றன. ‘இருபத்து மூன்று’ என்பதில் இரண்டு பத்தும் ஒரு மூன்றும் உள. இடமதிப்பு என்னும் அரிய கருத்தை மொழியே சொல்லிக் கொடுக்கின்றது. ‘இலெவன்’ என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு இவ்வுதவி கிட்டுமா?

ஆயின் எண்பதைக் கடந்ததும் இடர் வருகின்றது. எட்டு, எண்பது, எண்ணூறு என வந்த ஒழுங்கு, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என மாறுகின்றது. ‘தொண்ணூறு’ என்பதில் ‘நூறு’ ஒலிக்கக் கேட்ட பிள்ளை திகைப்பது இயல்பே! முன்பு தொண்டு ஒன்பதாகவும், தொண்பது தொண்ணூறாகவும், தொண்ணூறு தொள்ளாயிரமாகவும் வழங்கிப் பின்னர்ப் பெயர்கள் ஒருபடி இறங்கின என்பார் மொழிஞாயிறு பாவாணர். பிள்ளைக்கு இவ்வாராய்ச்சி வேண்டா. ஆசிரியர்க்கோ, பிள்ளை இடறும் கல் எதுவெனத் தெரிந்திருத்தல் வேண்டும். தெரிந்தவர் ஒன்பது பத்துக் கட்டுகளை முன்வைத்து விளக்குவார்; தெரியாதவர் பிரம்பை எடுப்பார்.

சீனத்தில் பிறந்த இலிப்பிங் மா என்னும் அம்மையார், அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் ஆய்ந்து 1999இல் நூல் வெளியிட்டார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னபோது, சீன ஆசிரியர் அனைவரும் சரியாக விடை கண்டனர். அமெரிக்க ஆசிரியருள் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. அவர்கள் கல்லூரியில் நெடுங்காலம் பயின்றவர்களே! பட்டம் வேறு, தெளிவு வேறு. ஒன்றே முக்காற்படி அரிசியில் அரைப்படி எத்தனை முறை அடங்கும்? மூன்றரை முறை. கால், அரை, முக்கால் என்று பேசும் தமிழ்த்தாய்மார் அடுக்களையில் இக்கணக்கு நாள்தோறும் நடக்கின்றது. பள்ளியிலோ, ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்னும் நெட்டுரு மட்டுமே நடக்கின்றது!

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்திற்கெனப் பேராசிரியர் இரா. இராமானுசம் தலைமையில் கணக்குக் கல்வியை ஆய்ந்த குழு, பிள்ளைகளின் அச்சத்தோடு ஆசிரியர் பயிற்சியின் போதாமையையும் முதன்மைக் குறைகளுள் வைத்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கான தகுதித் தேர்வில் 150 வினாக்களுள் 30 கணக்குக்கு உரியன. அவை விடையறிவை அளக்கும். பிள்ளையின் பிழைக்குள் புகுந்து பார்க்கும் கண்ணை அளக்குமா? பள்ளிக் காலத்தில் கணக்குக்கு அஞ்சியவர், அவ்வச்சத்தோடே ஈராண்டுப் பயிற்சியும் முடித்து வகுப்பில் நின்றால், அச்சமே அடுத்த தலைமுறைக்கு வைப்புச் செல்வமாகும்!

2022இல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. நன்று. அட்டைகளும் மணிகளும் வகுப்புக்கு வரலாம். அவற்றை இயக்குவது ஆசிரியரின் அறிவன்றோ? எனவே பயிற்சிப் பள்ளிகளில் பிள்ளைகளின் பிழைகளே பாடமாகட்டும். ‘ஏன் இவ்வாறு எழுதினாய்?’ என்று கேட்டுப் பொறுமையுடன் செவிசாய்க்கும் பழக்கம் முதற்பயிற்சியாகட்டும். வீட்டில் படுகமோ இருளமோ குறும்பமோ பேசிவரும் பிள்ளையின் எண்ணுப்பெயர்களையும் இம்மலை ஆசிரியர் கற்றுக்கொள்ளட்டும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் எடைச்சீட்டை அவள் பிள்ளை சரிபார்க்கத் தெரிந்திருந்தால், அக்குடும்பத்தின் கூலியை எவரும் குறைத்தெழுத இயலாது. கணக்கறியா ஏழையை ஏய்ப்பது எளிது. கணக்கறிந்தவன் கேள்வி கேட்பான். அக்கேள்விக்கு விதை தொடக்கப்பள்ளியில் ஊன்றப்படுகின்றது. ஊன்றும் கை உறுதியாய் இருக்கட்டும்! எண்ணறிந்த தமிழினம் ஏமாறாது வாழட்டும்!