பாகற்காய்க்குள்ள புழு

ஏனாத்தூர்ல மாமாவோட பாகற்காய்ப் பந்தல்ல பாதிக் காய் குப்பைக்குப் போகுது. பழ ஈ தோலுக்கு அடியில முட்டை வெச்சிடும். உள்ள இருக்கிற புழுவை மருந்து எட்டாது.

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகள்லயும் இதே ஈதான். அங்க ஆய்வகத்துல ஈக்களை வளர்த்து, கோபால்ட்-60 கதிர்வீச்சால மலடாக்கி, கோடிக்கணக்குல பறக்கவிட்டாங்க. மலட்டு ஆணோட சேர்ந்த பெண் ஈ வைக்கிற முட்டை பொரியாது. 1972-ல தொடங்கின வேலை. 1993-ல அந்த ஈ மொத்தமா ஒழிஞ்சது.

“நம்ம பந்தல்லயும் விடலாமா?”ன்னு மாமா கேட்டார். அங்க சுத்தி கடல், மாமா. இங்க சுத்தி வயல். பக்கத்து வயல்ல இணைசேர்ந்த பெண் ஈ ஒண்ணு வந்தாலே போதும், மறுபடி புழுதான். அதனால இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறதோ, சொத்தைக் காயை அழிக்கிறதோ, ஊரே சேர்ந்து செஞ்சாதான் பலன்.