மரத்தருகே துடி

ஞாயிறு இதழில் வரும் சூசகக் குறுக்கெழுத்தைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுபவர்கள் பலர். இதோ அந்த வகையில் ஒரு குறிப்பு: 'மரத்தருகே துடி, கோவலனை மயக்கியவள்'. மூன்றெழுத்து.

துடி என்றதும் பறையும் ஆட்டமும் மனத்தில் வரும். வரட்டும் என்றுதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறது. இங்கே துடி என்றால் 'தவி'. மரம், 'மா'. அருகருகே வையுங்கள்: மாதவி! குறிப்பின் ஒரு முனையில் நேரான பொருள், மறுமுனையில் எழுத்து விளையாட்டு. இரண்டும் ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும். எது எங்கே முடிகிறது என்று வெட்டிப் பார்ப்பதில்தான் பாதி வேலை.

இந்தக் கலையை வளர்த்ததில் லண்டன் 'அப்சர்வர்' ஞாயிறு இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. 1926 முதல் அதில் புதிர் அமைத்த எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்கிமாடா. ஸ்பெயினில் மத விசாரணை நடத்திய கொடியவரின் பெயர்! பொருத்தம்தான். அடுத்து வந்த பள்ளி ஆசிரியர் மக்நட், இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரில் ஸிமினிஸ் ஆனார். ஆனால் இவர்தான் 1966-இல் ஒரு நூல் எழுதி விதியை வகுத்தார்: துல்லியமான பொருள், நேர்மையான துப்பு, வேறெதுவும் கூடாது. இந்தக் கறார் இல்லாத புதிர் வெறும் ஏய்ப்பு என்பேன்.

இந்த ஞாயிறு முயன்று பாருங்கள். விடை தோன்றியும் காரணம் பிடிபடவில்லையா? பேனாவை ஒதுக்கிவிட்டு, பென்சிலால் எழுதி வையுங்கள்.