கேட்குறவங்களை யார் கேட்பாங்க?

பொங்கலுக்கு ஊருக்கு, மல்லாங்கிணறு போயிருந்தேன். பெரியம்மா மக, எங்க அக்காவும் வந்திருந்தாங்க. அவங்க ஒரு ஹெல்ப்லைன்ல கவுன்சிலர். வீட்ல யார் போன் அடிச்சாலும் அக்கா முகம் இறுகிப்போகுது. "என்னக்கா?"ன்னு கேட்டேன்.

ஒருநாள் ராத்திரி பேச்சு நடுவுலயே லைன் கட் ஆயிடுச்சாம். திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அன்னிக்கு சூப்பர்வைசர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "இந்தக் கால் ஏன் 40 நிமிஷம் போச்சு?"

அதுக்கு மேல அக்கா எதுவும் சொல்லல. சொல்லவும் கூடாது. கூப்பிட்டவங்க ரகசியம் அது. இங்கதான் சிக்கலே. வீட்ல இறக்கி வைக்க முடியாத பாரத்தை வேலை செய்ற இடத்துலதான் இறக்கணும்.

அடுத்தவங்க பட்ட அதிர்ச்சியைக் கேட்டுக் கேட்டே, கேட்குறவங்க மனசும் மாறிப்போகும். 1990லயே மெக்கான், பேர்ல்மேன்னு ரெண்டு உளவியலாளர்கள் இதைப் பத்தி எழுதிட்டாங்க. இது பலவீனம் இல்ல, அந்த வேலையோட தன்மை.

நம்ம ஊர்லயும் இந்த வேலை பெருசாயிட்டே போகுது. 2021 செப்டம்பர்ல, நீட் எழுதின 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுற வேலையைத் தமிழ்நாடு அரசு 104 மூலமா ஆரம்பிச்சது. 2022 அக்டோபர் 10ல மத்திய அரசோட டெலி மானஸ் வந்தது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஒவ்வொரு காலுக்கும் இந்தப் பக்கம் ஒரு மனுஷங்க காதைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்காங்க.

அவங்களுக்குத் தேவைப்படுறதுதான் 'அதிர்ச்சியைப் புரிஞ்சுக்கிட்ட மேற்பார்வை'. பெருசா ஒண்ணும் இல்ல. வாரத்துல ஒரு குறிச்ச நேரம், பிரச்சனை வந்தா மட்டும் இல்லாம. முதல் கேள்வி: "எந்த இடத்துல உனக்குக் கனமா இருந்துச்சு?" நடந்த கொடுமையை ஒண்ணு விடாம திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. கனமான கால் எல்லாம் ஒரே ஆளுக்குப் போகாமப் பார்த்துக்கணும். அங்க பேசினது அப்ரைசல்ல வரவே கூடாது. சூப்பர்வைசர் தெரபிஸ்ட் ஆகவும் வேண்டாம். தேவைப்பட்டா வெளியில ஒருத்தர்கிட்ட அனுப்பினா போதும்.

1953ல லண்டன்ல தொடங்கின சமாரிட்டன்ஸ்ல, ஷிப்ட் முடிஞ்சதும் தன்னார்வலர் தன்னோட லீடர்கிட்ட மனசுல இருக்கிறதை இறக்கி வச்சுட்டுத்தான் கிளம்பணும்.

நாங்க ஐ.டி.ல ராத்திரி சர்வர் விழுந்தா, மறுநாள் 'யார் தப்பு'ன்னு கேட்காம 'என்ன நடந்துச்சு'ன்னு உட்கார்ந்து பேசுவோம். ஆன்-கால் டியூட்டியும் மாத்தி மாத்திதான் போடுவாங்க. சர்வருக்கே இவ்ளோ பார்க்குறோம்.

பெரியம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு சொன்னாங்க: "விடாம இறைச்சா எந்தக் கிணத்துலயும் சேறுதான்டா வரும். ஊற விடணும்."

நீங்க இப்படி ஒரு டீமுக்கு லீடா இருந்தா, நாளைக்கு ஷிப்ட் முடியும்போது கால் எண்ணிக்கையைக் கேட்குறதுக்கு முன்னாடி அந்த முதல் கேள்வியைக் கேளுங்க. உங்களுக்கே யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சுன்னா, டெலி மானஸ் நம்பர் 14416. 24 மணி நேரமும் எடுப்பாங்க. எடுக்குறவங்களுக்கு ஒரு நன்றியும் சொல்லிடுங்க.