ஒரே ஒரு நட்சத்திரம்

(ஆண்டு விழாவில், மாவு விற்கும் குழுவின் ஊக்குநர் பேசியது)



எங்கள் குழு இட்லி மாவு அரைத்து விற்கிறது. போன வருஷம் என் மகன் கடையை கூகுள் மேப்பில் சேர்த்துவிட்டான். 4 பேர் 5 நட்சத்திரம் போட்டார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சித்திரை மாசம் ஒருத்தர், "மாவு ஒரே புளிப்பு, யாரும் வாங்காதீங்க"ன்னு எழுதி 1 நட்சத்திரம் போட்டார்.

கணக்கைப் பாருங்க. நாலஞ்சு 20, அதோட 1. இந்த 21-ஐ 5 பேருக்கு வகுத்தால் 4.2. ஆயிரம் பேர் 5 போட்ட பெரிய கடைக்கு இதே 1 விழுந்தால், செல்போனில் 5 என்றேதான் நிற்கும். அதே ஆள், அதே கோபம். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. எங்களுக்கு ஒரு விசேஷ வீட்டு ஆர்டர் 30 கிலோ கை நழுவியது. அந்த மாசத் தவணைக்குச் சேமிப்பிலிருந்துதான் எடுத்தோம்.

"நாம 12 பேரும் ஆளுக்கு 5 போட்டுடலாம்"னு குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கும் கை பரபரத்தது, மறைப்பானேன்? ஆனால் கூட்டத்துக்கு வராதவங்களுக்குத் தீர்மானப் புத்தகத்தில் நாம கையெழுத்துப் போடுவோமா? இணையத்தில் வரும் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிட்டது. விற்கிறவர் ஆள் வைத்து எழுதும் மதிப்புரையை வெளியிடக் கூடாது என்கிறது அது. வெளியிட்டபோது அதைக் கட்டாயமாக்கவில்லைதான். இருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இன்னொன்றும் சொல்லணும். அன்றைக்கு மதியம் முழுக்க கரண்ட் இல்லை. மாவு பொங்கிவிட்டது. தெரிந்தேதான் விற்றோம்.

நேரில் வந்து திட்டியிருந்தால் வேறு மாவு கொடுத்திருப்போம், அன்றோடு போயிருக்கும். இது வருஷக்கணக்கில் ஊர் பார்க்க நிற்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அவர் எழுதியது பொய் இல்லையே! அதற்குக் கீழேயே பதில் போட்டோம்: "அன்று கரண்ட் இல்லை, அந்த மாவை விற்றது எங்கள் தப்பு, வந்து வேறு வாங்கிக்கோங்க." அவர் வரவில்லை.

இப்போது பாக்கெட்டில் அரைத்த நேரம் எழுதுகிறோம். புளித்தால் பணியார மாவு என்று சொல்லி, விலை குறைத்துக் கொடுக்கிறோம். பிறகு 3 பேர் தாங்களாகவே 5 போட்டார்கள். இன்றைக்கு 4.5-ல் நிற்கிறது.